ஜெபிக்க நேரமே இல்லை, அக்கா!

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது முக்கால்வாசி ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருந்தன. ஒயிட்ஃபீல்டு, சிவாஜிநகர், எலெக்ட்ரானிக் சிட்டி, லிங்கராஜபுரம் என்று பெங்களூரின் எல்லா மூலையிலிருந்தும் நம் மக்கள் எழுதியிருக்கிறார்கள், எழுதியவர்கள் எல்லோருக்கும் ஒரே ஏக்கம். அதனால் சமையல், உடல்நலக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். பெயர்களைப் போடவில்லை.

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது. ஊர் நாசரேத் பக்கம், இப்போது ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். காலை 5.30க்கு எழுந்தால் இரண்டு பிள்ளைகளுக்கும் டிபன் கட்டி, பெரியவனை வேனில் ஏற்றி, சின்னவளை டே கேரில் விட்டு, டின் ஃபேக்டரி ஜங்ஷன் நெரிசலில் நீந்தி, பென்னிகானஹள்ளியில் மெட்ரோ பிடித்து ஆபீஸ் போகவே சரியாக இருக்கிறது. ராத்திரி பாத்திரம் கழுவி முடிக்க 10.30. எங்க அம்மா தினமும் 4 மணிக்கு எழுந்து பாயில் முழங்கால் போட்டு ஒரு மணி நேரம் ஜெபிப்பார்கள். நான் வேதப்புத்தகத்தைத் திறந்து மூன்று வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்காரவே கூச்சமாக இருக்கிறது. நான் விசுவாசத்தை விட்டு விலகிவிட்டேனா?

பதில்: இல்லைம்மா. விலகிப்போனவர்களுக்கு இந்தக் கூச்சம் வராது. பக்கத்தில் இருக்க வேண்டியவரிடம் பேசாமல் மூன்று வாரம் ஓடிவிட்டதே என்ற வருத்தம்தான் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது, அந்த வருத்தத்தை அப்படியே அவரிடம் சொல்லுங்கள், அதுவே ஜெபம்தான், அதிலேயே ஆரம்பிக்கலாம்.

உங்கள் அம்மாவை நீங்கள் அளவுகோலாக வைத்திருக்கிறீர்கள். நல்ல அம்மா கிடைத்த பிள்ளைகள் எல்லோரும் செய்வதுதான் இது. நான் வேறு ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். என் அப்பா கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை செய்தார். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமாகப் போகும் சுரங்கம் அது. ஷிஃப்டுக்குச் சங்கு ஊதும், அப்பா கையில் டிபன் தூக்கோடு ஓடுவார். வீட்டில் ஒரே அறை, ஐந்து பிள்ளைகள், ஜெப அறை என்று எதுவும் கிடையாது. நாங்கள் சின்னப்பிள்ளைகளாக இருந்தபோது அப்பா முழங்கால் போட்டு நான் பார்த்ததே இல்லை, அம்மாவுக்கு அது ஒரு மனக்குறையாகவே இருந்தது. 2001ல் சுரங்கத்தை மூடின பிறகு ஒருநாள் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவரே சொன்னார்: சுரங்கத்துக்குள் இறக்குகிற கேஜ் என்ற லிஃப்டில் ஏறி, கதவு சாத்தி, அது இருட்டில் இறங்க ஆரம்பித்ததிலிருந்து கீழே நிற்கும் வரை பரமண்டல ஜெபமும், அப்புறம் எங்கள் ஐந்து பேர் பெயரும். ஒருநாள்கூட விட்டதில்லையாம். பெயர் வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்து சொல்வாராம். அம்மா அப்போது அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஒன்றும் பேசவில்லை, அன்று ராத்திரி அப்பாவின் தட்டில் கூடுதலாக ஒரு துண்டு மீன் இருந்தது.

உங்கள் கேஜ் எது என்று பாருங்கள். பையப்பனஹள்ளிக்கும் கே.ஆர்.புரத்துக்கும் நடுவில் விட்டுப்போயிருந்த மெட்ரோத் துண்டு 2023 அக்டோபரில் திறந்ததிலிருந்து, பென்னிகானஹள்ளியில் ஏறினால் ஐ.டி.பி.எல். டெக் பார்க் பக்கம் போக இருபது நிமிஷமாவது ஆகும், நடுவில் இறங்கி ஏற வேண்டியதும் இல்லை. நிற்கத்தான் இடம் கிடைக்கும், பரவாயில்லை, நின்றே ஜெபிக்கலாம், பழைய ஏற்பாட்டிலும் நின்றுதான் நிறையப் பேர் ஜெபித்திருக்கிறார்கள். நான் சொல்வது இதுதான்: ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு ஆள். கே.ஆர்.புரம் வந்தால் பெரியவன். சிங்கையனபாளையா வந்தால் சின்னவள். கருடாசார்பாளையாவில் வீட்டுக்காரர், ஹூடியில் ஊரிலிருக்கும் அம்மா, சீதாராமபாளையாவில் உங்களைப் படுத்தும் அந்த மேனேஜர் (அவருக்கும் வேண்டும்), குந்தலஹள்ளியில் உங்களுக்காகவே ஒரு வார்த்தை. கதவு திறக்கும்போது பெயரைச் சொல்லி ஆண்டவர் கையில் கொடுத்துவிடுங்கள், கதவு சாத்தும்போது அடுத்தவர். மனசு எங்கே ஓடினாலும் அடுத்த ஸ்டேஷனின் அறிவிப்பு வந்து உங்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். போனைப் பைக்குள் போட்டுவிட வேண்டும், அது மட்டும் கட்டாயம்.

நான் 33 வருஷம் நர்ஸாக இருந்தவள், அதனால் இன்னொன்றும் சொல்லத் தெரியும். சோப்புப் போட்டுக் கை கழுவுவதை ஆரம்பத்திலிருந்து துடைப்பது வரை 40 முதல் 60 நொடி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்கி ஆமென் வரை அவசரப்படாமல் சொன்னால் பாதி நேரம் ஆகும், இரண்டு தடவை சொன்னால் கை சுத்தம். வார்டில் ஒரு டூட்டிக்கு எத்தனை தடவை கழுவுவோமோ அத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். முதலாம் நூற்றாண்டின் முடிவை ஒட்டிய காலத்திலேயே இந்தப் பரமண்டல ஜெபத்தை நாளுக்கு மூன்று வேளை சொல்லும்படி சபைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதாவது அந்த ஜெபம் ஆரம்பத்திலிருந்தே வேலைக்குப் போகிறவர்களின் வாயில் இருந்த ஜெபம்.

ஆனால் இங்கே நிறுத்தினால் நான் உங்களுக்குப் பாதிதான் சொன்னவளாவேன். ஓடிக்கொண்டே ஜெபித்தால் போதுமே, தனியாக எதற்கு என்று இப்போது நிறையப் பேர் சொல்கிறார்கள், எனக்கு அதில் சம்மதமில்லை. நெகேமியாவைப் பாருங்கள். ராஜாவுக்குப் பானம் கொடுக்கிற உத்தியோகம், நம் கணக்கில் பெரிய ஆபீஸ் வேலை. "உனக்கு என்ன வேண்டும்" என்று ராஜா கேட்கிறார், பதில் சொல்வதற்கு முன்னால் இவர் பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம்பண்ணினார் என்று இருக்கிறது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் இருந்திருக்கும்? ஒரு மூச்சு. மீட்டிங்கில் உங்களைப் பார்த்து எல்லோரும் திரும்பும்போது கிடைக்கிற அதே ஒரு மூச்சு. இதை எல்லோரும் பிரசங்கத்தில் சொல்வார்கள், அதற்கு முந்தின அதிகாரத்தைச் சேர்த்துப் படிப்பவர்கள் குறைவு. கிஸ்லேயு மாதத்தில் எருசலேமைப் பற்றிக் கேள்விப்பட்டு அழுது உபவாசித்து ஜெபிக்க ஆரம்பித்தவர், ராஜாவின் முன்னால் நின்றது நிசான் மாதத்தில். நான்கு மாதக் கதவடைத்த ஜெபம் பின்னால் இருந்ததால்தான் அந்த ஒரு மூச்சு ஜெபம் தானாக வந்தது.

அதனால் ஓரிடம், ஒரு நேரம், தனியாக. ஏழு நிமிஷம் போதும் இப்போதைக்கு. அம்மாவின் ஒரு மணி நேரத்தை இன்றைக்கே எட்டிப் பிடிக்கப் பார்க்காதீர்கள், நான்காம் நாள் விட்டுவிடுவீர்கள், நானே பல தடவை விட்டிருக்கிறேன். எங்கே என்பது உங்களுக்குத்தான் தெரியும். துணி காயப்போடும் பால்கனியாக இருக்கலாம், ஆபீஸ் மாடியாக இருக்கலாம். பேதுரு யோப்பாவில் மத்தியானம் மாடிக்குப் போய்த்தான் ஜெபித்தார், பசியோடு. ஒரு சங்கீதம், பாதி சங்கீதமானாலும் சரி, வாய்விட்டு மெதுவாகப் படியுங்கள், பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காமல் உட்காருங்கள், கடைசியில் அன்றைக்கு நீங்கள் பயப்படுகிற ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்.

இந்த ஏழு நிமிஷம் எங்கிருந்து வரும் என்றுதானே கேட்பீர்கள்? உங்கள் கடிதத்தில் டிபன், வேன், டே கேர், பாத்திரம் எல்லாவற்றிலும் நீங்கள் ஒருவர்தான் இருக்கிறீர்கள், வீட்டுக்காரர் எங்கேயும் வரவில்லை. அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். "வாரத்தில் மூன்று நாள் டிபன் நீங்க கட்டுங்க, அந்த நேரம் எனக்கு ஜெபிக்க வேணும்" என்று சொல்வதில் ஒரு தப்பும் இல்லை. சபையில் பெண்களுக்கு ஜெபவாழ்க்கை வேண்டும் என்று பேசுகிற ஆண்கள் அதற்கு முதலில் பாத்திரத்தைக் கையில் எடுக்க வேண்டும், இதை நான் எங்கள் ஆயரிடமும் சொல்லியிருக்கிறேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

இன்னும் ஒன்று. இயேசு அதிகாலையில் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு முதலாம் அதிகாரத்தில் வருவதை அம்மா அடிக்கடி சொல்லியிருப்பார்கள். அதற்கு முந்தின சாயங்காலம் கப்பர்நகூமில் ஊரே வாசலில் வந்து நின்றது, சுகமாக்கிக்கொண்டே இருந்தார், காலையில் சீமோன் தேடிக்கொண்டு வந்து "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார். அவருக்கும் மிஸ்டு கால் இருந்தது என்று நான் பெண்கள் ஐக்கியத்தில் சொல்வேன். தேடி வந்தவர்களை அவர் கோபிக்கவில்லை, எழுந்து அடுத்த ஊருக்குப் புறப்பட்டார். நீங்கள் ஏழு நிமிஷத்தில் இருக்கும்போது சின்னவள் அழுதுகொண்டு வந்தால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு முடியுங்கள். ஜெபம் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். பிள்ளை அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ளும், நீங்கள் உங்கள் அம்மாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டது போல.

கேள்வி: நான் சிவாஜிநகரில் இருக்கிறேன், டாக்ஸி ஓட்டுகிறேன், கத்தோலிக்கன். ஒரு நாளைக்கு 12 மணி நேரம் வண்டியில்தான். கண்ணாடியில் செபமாலை தொங்குகிறது, அதைச் சொல்லத்தான் நேரமில்லை. வண்டி ஓட்டிக்கொண்டே செபமாலை சொல்லலாமா?

பதில்: தம்பி, என் வீட்டுக்காரரின் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து நாற்பது வருஷமாகச் செபமாலை கேட்டிருக்கிறேன், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். முழுச் செபமாலையை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. ஐந்து மறைபொருளில், அதாவது ஐந்து பகுதியில், ஒன்றுக்குப் பத்து அருள் நிறைந்த மரியே, மூன்று நான்கு நிமிஷம்தான் ஆகும். ஐந்தையும் ஐந்து இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காலையில் வண்டியைத் துடைத்துவிட்டுச் சாவி போடும் முன் ஒன்று, விமான நிலையப் பார்க்கிங்கில் வரிசையில் நிற்கும்போது ஒன்று, சாப்பிட்டபின் ஒன்று, இப்படி. வியாழக்கிழமை சொல்கிற ஒளியின் மறைபொருள்களை இரண்டாம் ஜான் பால் 2002ல்தான் சேர்த்தார், அதனால் சிறுவயதில் கற்றுக்கொண்டவருக்கு அந்த ஐந்தும் சட்டென்று ஞாபகத்துக்கு வராது, ஒரு சீட்டில் எழுதி டாஷ்போர்டுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

ஓடும் வண்டியில் சொல்லலாமா என்றால், எனக்கு மனசில்லை. மனப்பாடமாக வருகிற ஒரு சிறு செபத்தை வாய் முணுமுணுப்பது வேறு, கையில் மணி உருட்டுவது வேறு. 1535ல் மார்ட்டின் லூத்தர், தனக்குச் சவரம் செய்கிற பேதுரு என்பவர் எப்படி ஜெபிப்பது என்று கேட்டதற்காக ஒரு நீண்ட கடிதம் எழுதினார். லூத்தர் உங்கள் சபைக்காரர் இல்லைதான், ஆனால் அதில் ஒரு விஷயம் உங்கள் தொழிலுக்கு அப்படியே பொருந்தும்: நல்ல சவரத் தொழிலாளி கண்ணையும் மனசையும் கத்தியிலேயே வைத்திருப்பார், பேச்சிலோ வேடிக்கையிலோ கவனம் போனால் எதிரில் உட்கார்ந்திருப்பவரின் மூக்கையோ கழுத்தையோ வெட்டிவிடுவார், ஜெபிக்கிறவனுக்கும் அந்த முழுக் கவனம் வேண்டும் என்கிறார். உங்கள் கத்தி ஸ்டியரிங். பின்சீட்டில் இருக்கிறவரின் கழுத்து உங்கள் கையில். சில்க் போர்டு பக்கம் நாலா புறமும் பைக் நுழையும்போது கண்ணை ரோட்டில் வைத்திருப்பதுதான் அந்த நேரத்தில் கடவுள் உங்களிடம் கேட்பது, அதை அவருக்காகச் செய்கிறேன் என்று சாவி போடும்போதே ஒப்புக்கொடுத்துவிடுங்கள், அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் கணக்கில் வந்துவிடும்.

சிவாஜிநகரில் இருந்துகொண்டு மரியன்னை பசிலிக்காவைக் கடக்காமல் உங்களால் நாளை முடிக்க முடியாது. செப்டம்பர் 8 திருவிழாக் கூட்டத்தில் மட்டும் போகாமல், சாதாரண நாளில் ஒரு சவாரிக்கும் இன்னொரு சவாரிக்கும் நடுவில் ஐந்து நிமிஷம் உள்ளே போய்ச் சும்மா உட்காருங்கள். மத்தியானம் 12 மணிக்கு எங்கே இருந்தாலும், வண்டி நிற்கிற நேரமாகப் பார்த்து, மூவேளைச் செபம் சொல்லுங்கள், ஒரு நிமிஷத்தில் முடியும். மணி ஒலித்தால் வயலில் வேலை செய்கிறவன்கூட நின்று சொல்லிவிட்டுத் தொடரட்டும் என்றுதானே அந்தச் செபம் பழகிவந்தது.

கேள்வி: வயது 26, எலெக்ட்ரானிக் சிட்டியில் அமெரிக்க ஷிஃப்ட். சாயங்காலம் 6.30 முதல் காலை 3.30 வரை. "அதிகாலையில் தேவனைத் தேடு" என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதிகாலையில் நான் கேபில் தூங்கிக்கொண்டு வருகிறேன். என் ஜெபம் செல்லாதா?

பதில்: செல்லும் தம்பி, சந்தேகமே வேண்டாம். அதிகாலை என்பது கடிகாரத்தில் உள்ள நேரத்தைவிட நாளின் முதல் பங்கு என்பதற்காகத்தான். நீங்கள் எழும் மத்தியானம் 12 மணி உங்கள் அதிகாலை. போனை எடுப்பதற்கு முன்னால் அதை அவருக்குக் கொடுங்கள்.

அதுமட்டுமில்லை, ராத்திரி விழித்திருப்பவர்களுக்கு வேதத்தில் தனி இடமே இருக்கிறது. உம்மைத் துதிக்கும்படி பாதிராத்திரியில் எழுந்திருப்பேன் என்று 119ஆம் சங்கீதம் சொல்கிறது. 134ஆம் சங்கீதம் மூன்றே வசனம், முழுக்க ராத்திரி டூட்டிக்காரர்களுக்கானது, "இராக்காலங்களில் கர்த்தருடைய ஆலயத்தில் நிற்கும்" ஊழியக்காரரைப் பார்த்துப் பாடுவது. நைட் டூட்டிக்குப் போன காலமெல்லாம் அதை நான் சீருடைப் பையில் எழுதி வைத்திருந்தேன். பவுலும் சீலாவும் பிலிப்பிச் சிறையில் ஜெபித்துப் பாடினது நடுராத்திரி. எத்தனையோ மடங்களில் இன்றும் விடிவதற்கு வெகு முன்னால் எழுந்து சங்கீதம் பாடுகிறார்கள். நீங்கள் அந்தக் கூட்டத்தில் ஒருவர்.

ஒரு ராத்திரி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் மூன்று மணி சுமாருக்கு ஒரு பெரியவர், தும்கூர் பக்கத்துக்காரர், தூக்கம் வராமல் என்னைக் கூப்பிட்டுத் தண்ணீர் கேட்டார். பிறகு, "நீ என்னமோ முணுமுணுத்துக்கிட்டே நடக்கறியே, அது என்ன" என்று கன்னடத்தில் கேட்டார். ஜெபம் என்றேன். என் பெயரையும் அதில் சேர்த்துக்கொள் என்றார். அவர் கிறிஸ்தவர் இல்லை. காலை வரை ஒவ்வொரு தடவை அவர் கட்டிலைத் தாண்டும்போதும் பெயரைச் சொன்னேன், அவரும் கண் திறந்து நான் சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டார்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடிய வழி கேப்தான். ஏறியதும் தூங்கிவிடாமல், முதல் ஐந்து நிமிஷம் அந்த ஷிஃப்டைப் பின்னோக்கிப் பாருங்கள்: யாரிடம் நன்றாகப் பேசினேன், யாரிடம் எரிந்து விழுந்தேன், எதற்கு நன்றி, எதற்கு மன்னிப்பு. கத்தோலிக்கர்கள் இதை ஆன்ம சோதனை என்பார்கள், இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தன் சபைத் துறவிகளை மத்தியானமும் ராத்திரியும் என்று நாளுக்கு இரண்டு தடவை இதைச் செய்யச் சொன்னார், வேலை அதிகமுள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஜெபம் எனக்குத் தெரியவில்லை. பிறகு ஒசூர் ரோடு முழுக்கத் தூங்குங்கள்.

கேள்வி: வயது 67. லிங்கராஜபுரத்தில் மகன் வீட்டில் இருக்கிறேன். எங்கள் காலத்தில் ராத்திரி 8 மணிக்குக் குடும்ப ஜெபம் இல்லாமல் சோறு கிடையாது. இங்கே ஆளுக்கு ஒரு போன். சொன்னால் மருமகளுக்குக் கோபம் வருகிறது. என்ன செய்ய?

பதில்: அம்மா, உங்கள் வேதனை எனக்குப் புரிகிறது. ஒன்றே ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குடும்ப ஜெபத்தில் நீங்கள் ஜெபிக்கும்போது மருமகளைத் திருத்துகிற மாதிரி ஏதாவது வந்துவிடுகிறதா? "ஆண்டவரே, இந்த வீட்டில் பொறுமையைக் கொடும், பெரியவர்களை மதிக்கிற மனசைக் கொடும்" என்று நாம் மேலே பார்த்துச் சொல்வது பக்கத்தில் இருப்பவருக்குத்தான் என்று பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். என் அத்தை ஒருவர் அப்படித்தான் ஜெபிப்பார், அந்த வீட்டில் ஜெப நேரம் வந்தாலே ஆளாளுக்கு ஒரு வேலை முளைத்துவிடும்.

ஒரு மணி நேரத்தை ஐந்து நிமிஷமாக்குங்கள். சாப்பாட்டு மேஜையிலேயே, தட்டு வைத்த பிறகு. ஒரு பேரப்பிள்ளை ஒரு சங்கீதத்தில் நாலு வசனம் படிக்கட்டும், தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் நீங்கள் சொல்லித் திரும்பச் சொல்லட்டும், தமிழும் கொஞ்சம் வரும். ஆளுக்கு ஒரு வரி நன்றி. மருமகளின் ஆபீஸ் வேலைக்காக, அவள் பெயரைச் சொல்லி, வேறு எதுவும் சேர்க்காமல், நீங்கள் ஒரு வரி. ஒரு மாதம் செய்து பார்த்து எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: கண்ணை மூடினாலே தூக்கம் வந்துவிடுகிறது. இது பிசாசின் வேலையா?

பதில்: எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று எழுதவில்லையே. ஐந்து மணி நேரத்துக்குக் குறைவென்றால் பிசாசைத் தேட வேண்டாம், உடம்பு கேட்கிறது. எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாக வேண்டும் என்று ஜெபித்துவிட்டுத் தூங்கினபோது தூதன் வந்து திட்டவில்லை, எழுப்பிச் சாப்பிடக் கொடுத்து மறுபடி தூங்க விட்டான், திரும்பவும் எழுப்பிச் சாப்பாடு கொடுத்தான், அதன் பிறகுதான் பயணம். கெத்செமனேயில் தூங்கின சீஷர்களைப் பார்த்தும் ஆண்டவர், ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது என்றுதான் சொன்னார். ராத்திரி போனில் ஒரு மணி நேரம் குறைத்துத் தூங்குங்கள். ஜெபிக்கும்போது கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, நடந்துகொண்டு, வாய்விட்டுப் பேசுங்கள். கண் மூட வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. நன்றாகத் தூங்கியும் பகல் முழுக்க அசதியாகவே இருந்தால் டாக்டரைப் பார்த்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், சோகையோ தைராய்டோ இருக்கலாம்.

கேள்வி: ஆபீஸ் கேன்டீனில் சாப்பிடும் முன் ஜெபித்தால் பக்கத்தில் இருப்பவர்கள் ஒருமாதிரி பார்ப்பார்களோ என்று கூச்சமாக இருக்கிறது.

பதில்: ஒரு வாரம் பார்ப்பார்கள், இரண்டாம் வாரம் உங்களுக்காகக் காத்திருந்து சாப்பிட ஆரம்பிப்பார்கள். எங்கள் வார்டில் என் கூட வேலை செய்த முஸ்லிம் பெண் தொழுகைக்குப் போகும்போது அவள் நோயாளிகளை நான் பார்த்துக்கொள்வேன், நான் ஜெபிக்கப் போனால் அவள் பார்த்துக்கொள்வாள், யாருக்கும் ஒரு கூச்சமும் இருக்கவில்லை. பெரிதாகக் காட்டிக்கொள்ளவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். கண் திறந்தபடி பத்து நொடி போதும்.

கேள்வி: பிரேயர் பண்ணிக்கோங்க என்று யாராவது கேட்டால் "கண்டிப்பா" என்று சொல்லிவிட்டு மறந்துவிடுகிறேன். பிறகு அவர்களை நேரில் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது. போன வாரம் என் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நான் கேட்ட பலரும் அப்படித்தான் மறந்திருப்பார்களோ என்றும் தோன்றுகிறது.

பதில்: எனக்கும் இது நடந்திருக்கிறது. என் கூடப் படித்த ஒருத்தி, மகனுக்குத் தேர்வு, ஜெபித்துக்கொள் என்றாள். சரி என்றேன், அதோடு போச்சு. ரிசல்ட் வந்ததும் முதல் போன் எனக்குத்தான் போட்டாள், "உன் ஜெபம்" என்றாள். உண்மையைச் சொல்ல எனக்கு அன்றைக்குத் தைரியம் வரவில்லை, இரண்டு நாள் கழித்துப் போன் செய்து சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதிலிருந்து ஒரு பழக்கம்: யார் கேட்டாலும், "இப்பவே பண்ணிடலாமா?" என்று கேட்டு, போனை வைப்பதற்கு முன் நான்கு வரி ஜெபித்துவிடுவேன். பஸ்ஸிலோ மார்க்கெட்டிலோ இருந்தாலும் சரி, சத்தம் குறைத்துச் செய்துவிடலாம். வாட்ஸ்அப்பில் கேட்டால் கைகூப்பும் படத்தை அனுப்புவதற்கு முன் ஜெபித்துவிட்டுத்தான் அனுப்புவது. ராத்திரி ஞாபகம் வந்தால் மறுபடியும் ஜெபிக்கலாம், வராவிட்டாலும் வாக்கு கொடுத்தது முடிந்திருக்கும்.

உங்கள் அம்மாவுக்கு எந்தக் கண் என்று நீங்கள் எழுதவில்லை. கடிதத்தைப் படித்த உடனேயே, பேனாவை எடுப்பதற்கு முன், இரண்டு கண்ணுக்குமாக ஜெபித்துவிட்டேன். எப்படி இருக்கிறார்கள் என்று எழுதுங்கள்.